முதல் மலையேற்றமா? ஷூவிலிருந்து தொடங்குங்கள்!

திருநின்றவூர் பக்கம் ஏரி உண்டு, வயல் உண்டு, மலை கிடையாது. சமதரையிலேயே நடந்து பழகியவர்கள் முதன்முறையாகப் பர்வதமலைக்கோ வெள்ளியங்கிரிக்கோ கிளம்பினால், முதல் அரை மணி நேரத்திலேயே மூச்சு வாங்கும். திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள பர்வதமலை சுமார் 4,500 அடி உயரம். உச்சிக்கு அருகே, பாறையில் அடித்த கடப்பாரைகளில் கால் வைத்து, சங்கிலியைப் பிடித்துத்தான் ஏற வேண்டும்.

கால்தான் முதலில்!

ஷூவை மாலையில் வாங்குங்கள். நாள் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். சரியான அளவு அப்போதுதான் தெரியும். கட்டைவிரலுக்கு முன்னால் அரை அங்குலம் இடம் இருக்கட்டும். இல்லையென்றால், இறங்கும்போது நகம் இடித்து ரத்தம் கட்டும். அடிப்பகுதியில் ஆழமான பள்ளங்கள் உள்ள ஷூவே பாறையில் பிடிக்கும். புது ஷூவோடு நேராக மலைக்குப் போகாதீர்கள். இரண்டு வாரமாவது போட்டு நடந்து பழக்குங்கள். வேண்டுதலுக்காக வெறுங்காலில் ஏறுகிறவர்களும் ஷூவைப் பையில் வைத்திருப்பது நல்லது.

பையில் என்ன?

தலைக்குமேல் இரண்டு, மூன்று லிட்டர் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், கடலை மிட்டாய், பேரீச்சை, பிளாஸ்திரி, மழைக்கோட்டு, தலையில் மாட்டும் டார்ச். செல்போன் டார்ச் போதாது. ஏறும்போது இரண்டு கைகளும் வேண்டும். ஜீன்ஸ் நனைந்தால் கனக்கும், தவிர்த்துவிடுங்கள்.

உடம்பு தயாரா?

ஒரு மாதம் முன்பே தினமும் அரை மணி நேரம் மாடிப்படி ஏறி இறங்குங்கள். கடைசி வாரம் முதுகில் பையோடு ஏறிப் பாருங்கள். இதய நோய், ஆஸ்துமா, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போக வேண்டாம். ஏறும்போது நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ, உட்கார்ந்து உடனே உதவி கேளுங்கள்.

அனுமதி முக்கியம்!

2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்ற 23 பேர் உயிரிழந்தனர். கோடையில் காய்ந்த புல்லில் தீ பரவும் வேகத்துக்கு மனிதரால் ஓட முடியாது. அதனால்தான் அந்தச் சமயத்தில் வனத்துறை பாதைகளை மூடுகிறது. 2024 அக்டோபரில் தமிழக அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தை 40 பாதைகளோடு தொடங்கியது. ஆன்லைனில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு போகலாம். முதல் முறைக்கு எளிதான பாதையே போதும்.

எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். மலையில் சிக்னல் கிடைக்காமல் போனாலும், தேடி வருகிறவர்களுக்கு அந்தத் துண்டுச் சீட்டு வழி காட்டும்!