பதினைந்து நிமிடம்

ஆட்குறைப்பில் வேலை இழந்தவரைப் பார்க்கப் போனால் என்ன கேட்கிறோம்? வேறு வேலை தேடினீர்களா, வீட்டுக் கடனுக்கு என்ன செய்கிறீர்கள், காரை விற்றுவிட்டால் என்ன? அக்கறையில் கேட்பதுதான். ஆனால், இரவில் தூக்கம் வராமல் புரளும்போது அவர் தன்னையே கேட்டுக்கொள்வது வேறு: "இனி நான் யார்?" பதவியையும் சம்பளத்தையும் வைத்தே தன்னை அளந்து பழகியவருக்கு, அவை போனதும் அளவுகோலே போய்விடுகிறது.

நான் படித்தவற்றில் இதற்கு மிக நேரான பதில், ஒரு சிறையிலிருந்து இன்னொரு சிறைக்குப் போன கடிதத்தில் இருக்கிறது. ரோபன் தீவிலிருந்து நெல்சன் மண்டேலா தம் மனைவி வின்னிக்கு 1975 பிப்ரவரி 1ஆம் தேதி எழுதியது. அரசு விதித்த தடையை மீறியதற்காக வின்னி ஆறு மாதச் சிறையில் இருந்தார். மகள்கள் இருவரும் பதின்ம வயதில், தாயும் தந்தையும் அருகில் இல்லாமல்.

பதவி, செல்வாக்கு, பணம், படிப்பு இவற்றால் மனிதன் தன் வளர்ச்சியை அளப்பது இயல்புதான் என்கிறார் மண்டேலா. அவை வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்தது. ஆனால் நேர்மை, எளிமை, அடக்கம், தாராள மனம், பிறருக்கு உதவ முன்வருதல் ஆகியவை அவற்றைவிட முக்கியமானவை, எவர் கைக்கும் எட்டுபவை. ஆன்மிக வாழ்வுக்கு அடித்தளமே அவைதான் என்கிறார். தன்னை அறிந்துகொள்ளச் சிறை அறை ஏற்ற இடமாம். படுக்குமுன் தினமும் பதினைந்து நிமிடம் தியானம் செய்யச் சொல்கிறார்.

வேறு யாராவது எழுதியிருந்தால் உபதேசம் என்று பக்கத்தைப் புரட்டியிருப்பேன். 1968இல் தாய் இறந்தார், 1969இல் மூத்த மகன் விபத்தில் மாண்டார். இரண்டு இறுதிச் சடங்குக்கும் போக அனுமதி கிடைக்காத மனிதர் எழுதியது இது.

சிறை முற்றத்தில் கல்லைப் பெயர்த்தெடுத்து அவர் ஒரு தோட்டம் போட்டார். தக்காளி, வெங்காயம், மிளகாய்கூட. நாற்றிலிருந்து வளர்த்து, நன்றாகக் காய்த்த ஒரு தக்காளிச் செடி பின்னர் வாடிப்போனது. தம் கவனக்குறைவாகவும் இருக்கலாம் என்கிறார். செத்த செடியின் வேரைக் கழுவித் தோட்டத்து மூலையில் புதைத்தார். இதையும் வின்னிக்கு எழுதினார். தங்கள் உறவும் அந்தச் செடியைப்போல் ஆகிவிடக்கூடாது என்ற அச்சம் அதில் இருந்தது என்று 1994இல் வந்த தன்வரலாற்றில் ஒப்புக்கொள்கிறார். நெருங்கியவர்களுக்குத் தம்மால் நீரூற்ற முடியவில்லை என்ற வேதனையும்தான். 1996இல் அந்த மணவாழ்வு முறிந்தது. பதினைந்து நிமிடத் தியானம் எல்லாவற்றையும் காப்பாற்றும் மந்திரம் இல்லை. தம் பங்கு என்ன என்று பார்க்கும் கண்ணை அவருக்குத் தந்தது.

நானும் முயன்று பார்க்கிறேன். கைப்பேசியைக் கூடத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். முதல் இரவு, அலுவலகத்தில் எரிச்சலூட்டிய ஒருவரின் குறைகளை எண்ணுவதிலேயே பதினைந்து நிமிடமும் போய்விட்டது. மூன்றாம் இரவு தூங்கிவிட்டேன். தன் குறை தன் கண்ணில் படுவது தொடக்கத்தில் கடினம், பத்தாவது முயற்சியில் பலன் கிடைக்கலாம் என்று அந்தக் கடிதத்தில் இருக்கிறது.

இன்று நான்காவது இரவு.