எந்திரம் வந்துவிட்டது, கூட நிற்க ஆள் எங்கே?

கிராமப் பள்ளி ஆசிரியருக்கு இன்று வேண்டியது என்ன?

நெய்வேலிக்கு எந்திரம் புதிது அல்ல. அந்த ஊர் பிறந்ததே எந்திரத்தோடுதான்.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டினார். தண்ணீரோடு கரிய பொருள் ஒன்றும் மேலே வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ம் ஆண்டில் நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1957-ம் ஆண்டு மே மாதம் 20-ந் தேதி பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார்.

ஜெர்மனியில் இருந்து ராட்சத எந்திரங்கள் வந்தன. பெரிய சக்கரம், அதைச் சுற்றிலும் வாளிகள். சக்கரம் சுழலச் சுழல மண் மலைபோல் குவிந்தது. அனல் மின் நிலையம் கட்ட சோவியத் நாடு உதவியது. அந்த நாட்டு வல்லுநர்கள் நெய்வேலியிலேயே குடியிருந்து வேலை பார்த்தார்கள்.

எந்திரம் வந்த மறுநாளே கரி கிடைத்துவிட்டதா? இல்லை. 1961-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில்தான் கரி கண்ணில் பட்டது. 1962-ல்தான் மின்சாரம் பிறந்தது.

இடையில் என்ன நடந்தது? மண்ணை வெட்டினார்கள். கரிக்குக் கீழே பெரும் அழுத்தத்தோடு நிற்கும் தண்ணீரை இரவு பகலாக இறைத்தார்கள். இறைப்பதை நிறுத்தினால் சுரங்கத்தில் தண்ணீர் பீறிட்டு வரும். எந்திரம் ஓட்ட ஆட்களைப் பழக்கினார்கள். பழுது பார்க்கப் பட்டறைகள் வைத்தார்கள்.

எந்திரத்தை வாங்குவது பாதி வேலைகூட ஆகாது. ஓட்டுகிறவரைப் பழக்க வேண்டும். பழுது என்றால் ஓடிவர ஆள் வேண்டும். அன்றாடம் கவனிக்க வேண்டும். இது நெய்வேலிக்கு நன்றாகத் தெரிந்த பாடம்.

இன்று தமிழ்நாட்டின் கிராமப் பள்ளிகளுக்கு இதே பாடம் தேவைப்படுகிறது.

பள்ளிக்கு வந்த புதிய பொருள்கள்

கடந்த சில ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளுக்குப் புதிய கருவிகள் பல வந்திருக்கின்றன.

2018-ம் ஆண்டில் வெளிவந்த புதிய பாடநூல்களில் சிறு கட்டம் கட்டமான ஒரு குறி அச்சிடப்பட்டது. அதற்கு "கியூ.ஆர். கோடு" என்று பெயர். செல்போனை அதன்மேல் காட்டினால் அந்தப் பாடத்துக்கு உரிய படம் திரையில் ஓடும். 2019-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 26-ந் தேதி கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. 2023-ல் "மணற்கேணி" என்ற செயலி வந்தது. செயலி என்பது செல்போனில் இறக்கிக் கொள்ளும் ஒரு வசதி. திருக்குறளில் வரும் சொல்லே அதற்குப் பெயராயிற்று.

2024-ம் ஆண்டில் ஏறத்தாழ 80 ஆயிரம் ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினி வழங்கும் வேலை நடந்தது. 22 ஆயிரத்துக்கு மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளில் "திறன்மிகு வகுப்பறை" அமைக்கும் திட்டமும் நடந்தது. அதாவது, கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மின் திரை.

இவை எல்லாம் நல்ல பொருள்கள். இதில் சந்தேகம் இல்லை.

கம்மாபுரம் பக்கத்துப் பிள்ளை ஒன்றை எண்ணிப் பாருங்கள். நெய்வேலி சுரங்கத்து மண்மேடு அதற்குத் தினமும் தெரிகிறது. ஆனால் சுரங்கத்துக்குள் என்ன நடக்கிறது என்று அது பார்த்தது இல்லை. உள்ளே போக அனுமதியும் கிடையாது. ஒரு படம் போட்டுக் காட்டினால் ஐந்தே நிமிடத்தில் விளங்கிவிடும். இதயம் துடிப்பதையும் பூமி சுற்றுவதையும் கரும்பலகையில் எவ்வளவு நேரம் வரைந்து காட்ட முடியும்? திரையில் அது எளிது.

பிறகு குறை எங்கே இருக்கிறது?

இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு

தமிழ்நாட்டில் எத்தனையோ தொடக்கப் பள்ளிகளில் ஆசிரியர்கள் இரண்டே பேர். வகுப்புகளோ ஐந்து. ஒருவர் விடுமுறை எடுத்தால் மற்றவரே ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும். சத்துணவு வந்ததா என்று பார்ப்பதும் அவர்தான். வருகைப் பதிவைச் செல்போனில் ஏற்றுவதும் அவர்தான்.

அப்படிப்பட்ட ஓர் ஆசிரியை காலையில் திரையை இயக்கப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இணையம் வரவில்லை. வந்தாலும் படம் நின்று நின்று ஓடுகிறது. கடவுச்சொல் கேட்கிறது. எந்தப் பொத்தானை அழுத்துவது என்று மறந்துவிட்டது. முப்பது பிள்ளைகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். பாட நேரத்தில் பாதி போய்விட்டது.

மறுநாள் அவர் என்ன செய்வார்? சாக்கட்டியைக் கையில் எடுப்பார். திரைக்குத் துணி போட்டு மூடிவிடுவார்.

"வயதான ஆசிரியர்கள் புதியதைக் கற்க மாட்டார்கள்" என்று சிலர் குறை சொல்வது உண்டு. அது நியாயம் அல்ல. பிள்ளைகள் எதிரில் தடுமாறி நிற்க யாருக்கும் மனம் வராது. பக்கத்தில் ஒருவர் நின்று, "இதை இப்படிச் செய்யுங்கள் டீச்சர்" என்று இரண்டு முறை காட்டினால் போதும். மூன்றாம் முறை அவரே செய்துவிடுவார்.

அந்த ஒருவர்தான் இன்று குறைவு.

பயிற்சி நடக்கவில்லையா? நடக்கிறது. வட்டார வள மையத்திலும் குறுவள மையத்திலும் ஆசிரியர்களைக் கூட்டிப் பயிற்சி தருகிறார்கள். ஆனால் அங்கே இருப்பது வேறு அறை, வேறு திரை, நல்ல இணையம். தம் பள்ளிக்குத் திரும்பி வந்து தனியாக நிற்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. நீச்சலைக் கரையில் சொல்லிக் கொடுத்துவிட்டுக் கிணற்றில் தனியே இறக்கிவிட்டால் எப்படி?

பெரு நாடு கற்ற பாடம்

தென் அமெரிக்காவில் பெரு என்று ஒரு நாடு இருக்கிறது. மலையும் காடும் நிறைந்த நாடு. 2008-ம் ஆண்டு முதல் அந்த நாட்டு அரசு, ஏழைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிறிய மடிக்கணினிகளை லட்சக்கணக்கில் வாங்கிக் கொடுத்தது. பெரும் செலவு.

பயன் என்ன? 319 தொடக்கப் பள்ளிகளில் ஆராய்ந்து பார்த்தார்கள். 2012-ல் முடிவு வெளியானது. கணினி பெற்ற பள்ளிப் பிள்ளைகள் கணக்கிலோ மொழிப் பாடத்திலோ மற்றப் பிள்ளைகளைவிட முன்னேறவில்லை! எந்திரம் போய்ச் சேர்ந்தது. அதை வைத்து எப்படிப் பாடம் நடத்துவது என்று ஆசிரியருக்குக் கூட இருந்து காட்டும் ஏற்பாடு போதவில்லை.

கென்யா கண்ட வழி

ஆப்பிரிக்காவில் உள்ள கென்யா வேறு விதமாகச் சோதித்துப் பார்த்தது. 2014-ம் ஆண்டில் கிசுமு என்ற பகுதியில் பள்ளிகளை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் பிள்ளைகளுக்கு மின் படிப்பான் கொடுத்தார்கள். இரண்டாவது பிரிவில் ஆசிரியருக்குக் கையடக்கக் கணினி கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவில், பள்ளி பள்ளியாகச் சென்று ஆசிரியருக்கு உதவும் பயிற்றுநருக்கு மட்டும் கொடுத்தார்கள். நல்ல பாடநூலும் பயிற்சியும் எல்லாப் பிரிவுக்கும் உண்டு.

மூன்று பிரிவிலும் பிள்ளைகளின் படிப்பு உயர்ந்தது. பிரிவுக்குப் பிரிவு பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் செலவில் வேறுபாடு இருந்தது. பயிற்றுநருக்கு மட்டும் கருவி கொடுத்த வழிதான் மிக மலிவு!

2015 முதல் கென்யா நாடு முழுவதும் அந்த வழியையே பின்பற்றியது. திட்டத்தின் பெயர் "டுசோமே". சுவாகிலி மொழியில் "படிப்போம்" என்று பொருள். பயிற்றுநர் வகுப்பில் உட்கார்ந்து பாடத்தைக் கவனிப்பார். பிறகு ஆசிரியரோடு பேசி, எதை மாற்றலாம் என்று சொல்வார். பள்ளிக்குப் போய் வந்தால்தான் பயணப்படி. போகாவிட்டால் இல்லை.

எத்தனை கருவி வாங்கினோம் என்பது அங்கே கணக்கு அல்ல. எத்தனை முறை ஓர் ஆள் ஆசிரியரைத் தேடிப் போனார் என்பதுதான் கணக்கு.

நம் நாட்டிலேயே நடந்தது

இது வெளிநாட்டுக் கதை மட்டும் அல்ல. 1975-ம் ஆண்டு ஆகஸ்டு முதல் ஓராண்டு காலம், அமெரிக்கா இரவல் கொடுத்த செயற்கைக் கோள் மூலம் இந்தியாவில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சிப் பாடம் போயிற்று. ஆறு மாநிலங்களில் அந்தச் சோதனை நடந்தது. தமிழ்நாடு அதில் இல்லை. மின் வசதி குறைந்த காலம் அது. ஆனாலும் பெட்டிகள் தொடர்ந்து ஓடின. காரணம், பழுது பார்ப்பதற்கென்றே ஆட்களை ஊருக்கு ஊர் அனுப்ப முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தார்கள்.

தமிழ்நாட்டில் நடந்ததையும் பார்ப்போம். கொரோனா நோயால் 2020 மார்ச்சு மாதம் பள்ளிகள் மூடப்பட்டன. செல்போன் உள்ள வீட்டுப் பிள்ளை ஏதோ படித்தது. இல்லாத வீட்டுப் பிள்ளை எழுத்தையே மறந்தது. 2021 அக்டோபர் 27-ந் தேதி "இல்லம் தேடிக் கல்வி" திட்டம் தொடங்கியது. ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் தெருவிலும் திண்ணையிலும் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதே ஊர்ப் பெண்கள்.

பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் உடன் பணியாற்றியவர்களும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இதை ஆராய்ந்தார்கள். பள்ளி திறந்து ஆறு மாதத்தில், இழந்த படிப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. அப்படித் திரும்பியதில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்குக்கு இந்த மாலை வகுப்புகளே காரணம் என்று கண்டார்கள்.

அங்கே பெரிய திரை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஓர் ஆள் இருந்தார்.

அப்படியானால் எந்திரமே வேண்டாமா?

வேண்டும். இதயம் எப்படித் துடிக்கிறது என்று திரை காட்டும். ஆனால் எந்தப் பிள்ளைக்குப் புரியவில்லை என்று திரைக்குத் தெரியாது. அது ஆசிரியர் கண்ணுக்குத்தான் தெரியும். இரண்டும் சேர்ந்தால்தான் பாடம்.

பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தில் சத்தியமங்கலம் அரசு உயர்நிலைப் பள்ளியின் ஆங்கில ஆசிரியர் திலிப், 2020-ம் ஆண்டில் தேசிய நல்லாசிரியர் விருது பெற்றார். கணினியைக் கொண்டு ஆங்கிலம் கற்பிப்பதில் பெயர் பெற்றவர் அவர். கிராமத்து ஆசிரியரால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. அப்படித் தேர்ந்தவர்கள் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்களை மற்றவர்களுக்குத் துணையாக அனுப்புவதுதான் வேலை.

செய்யக்கூடியவை நான்கு.

முதலாவது: ஆசிரியர் பயிற்றுநர் மாதம் ஒரு முறையாவது ஒவ்வொரு சிறு பள்ளிக்கும் போக வேண்டும். குற்றம் கண்டுபிடிக்க அல்ல. கூட உட்கார்ந்து ஒரு பாடம் நடத்திக் காட்ட. பதிவேடு கேட்கும் வேலையை அவர் தலையில் ஏற்றினால், அவர் உதவியாளராக வரமாட்டார், அதிகாரியாகத்தான் வருவார்.

இரண்டாவது: இணையம் இல்லாமலே ஓடும்படி, பாடப் படங்களைப் பென் டிரைவில் முன்கூட்டியே ஏற்றிக் கொடுக்க வேண்டும். இணையம் வந்தால் லாபம். வராவிட்டால் வகுப்பு நிற்கக் கூடாது.

மூன்றாவது: பழுது என்றால் கூப்பிட ஒரே எண், வந்து பார்க்க ஒரு கெடு. கடலூர் மாவட்டம் புயல் மாவட்டம். 2011 டிசம்பர் 30-ந் தேதி வீசிய "தானே" புயலை யாரும் மறக்கவில்லை. மழையும் மின்வெட்டும் திரையைக் கெடுக்கத்தான் செய்யும். திரை வாங்கும் நாளிலேயே பழுதுக்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

நான்காவது: நகரப் பள்ளியும் கிராமப் பள்ளியும் கை கோக்க வேண்டும். நெய்வேலி நகரியத்தில் நிறுவனமே நடத்தும் பள்ளிகள் உண்டு. பழகிய ஆசிரியர்கள் உண்டு. மின்சாரமும் எந்திரமும் அறிந்த தொழிலாளர்களும் ஓய்வு பெற்றவர்களும் உண்டு. குறிஞ்சிப்பாடி, கம்மாபுரம் ஒன்றியங்களின் பள்ளிகள் தொலைவில் இல்லை. மாதம் ஒரு சனிக்கிழமை போதும்.

பெற்றோருக்கும் பங்கு உண்டு

2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கு பேர் பெற்றோர்கள். உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்கள். அந்தக் கூட்டத்துக்குப் போகும் தாயும் தகப்பனும் மூன்று கேள்வி கேட்கலாம்.

பள்ளித் திரை இந்த மாதம் எத்தனை நாள் ஓடியது?

ஓடாத நாளில் காரணம் என்ன?

ஆசிரியருக்கு உதவ யார் வந்தார்கள்?

இந்தக் கேள்விகள் ஆசிரியரைக் குறை சொல்ல அல்ல. அவருக்கு வேண்டிய உதவியை மேலே கேட்டு வாங்க. குழுவின் தீர்மானமாக எழுதி அனுப்பினால் அதற்கு மதிப்பு உண்டு.

நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையம் ஏறத்தாழ 58 ஆண்டுகள் உழைத்து 2020-ம் ஆண்டில் ஓய்வு பெற்றது. அவ்வளவு காலம் அது ஓடியதற்குக் காரணம் இரும்பு மட்டும் அல்ல. இரவு பகல் பாராமல் அதன் பக்கத்தில் முறைபோட்டு நின்ற மனிதர்கள்.

பள்ளிக்கூடத்துத் திரைக்கும் ஆள் வேண்டும். அதன்முன் தனியாக நிற்கும் ஆசிரியைக்கும் ஆள் வேண்டும். அந்த ஆள் வந்துவிட்டால், துணி போட்டு மூடிய திரை மறுநாளே திறக்கும்.