ஆவுளியாவும் கடற்காகமும்

தஞ்சை என்றவுடன் நெல்வயலும் காவிரிக் கால்வாயும் நம் நினைவிற்கு வருகின்றன. அம்மாவட்டத்திற்குக் கடற்கரையும் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். மல்லிப்பட்டினத்தை அடுத்த மனோராக் கோட்டைக்கு எதிரே அலையடங்கிய பாக் விரிகுடா கிடக்கிறது. அதன் ஆழமற்ற தரையில் கடற்புல் வயல்போல் விரிந்திருக்கிறது. அப்புல்லை மேய்ந்து வாழ்வது கடற்பசு. மீனவர் அதனை ஆவுளியா என்பர். திமிங்கிலத்தைப் போலவே கடலில் வாழும் பாலூட்டியாயினும், இனத்தால் அது யானைக்கே நெருங்கிய உறவு. நாளொன்றுக்கு 30 கிலோவிற்கும் மேலாகப் புல் தின்னும்.

மாணவர்களே, ஆவுளியாவை நீங்கள் காண்பது அரிது. கடற்காகமோ குளிர்காலத்தில் கூட்டங்கூட்டமாய் வந்து படகுகளைச் சூழ்ந்து கத்தும். பழுப்புத்தலைக் கடற்காகம் திபெத்து ஏரிகளில் குஞ்சு பொரித்து, நம் கரைக்குப் பறந்து வருவது.

‘எல்லாம் உயிர்தாமே, ஆவுளியாவிற்கு மட்டும் ஏன் இத்தனை பரிவு?’ என்று கேட்பாருண்டு. நேர்மையான கேள்விதான். கடற்காகம் ஆண்டுதோறும் இரண்டு மூன்று முட்டையிடும். ஆவுளியாவோ ஓராண்டிற்கும் மேலாகக் கருவைச் சுமந்து ஒரே கன்றை ஈனும். அடுத்த கன்றிற்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். ஆதலின் வலையில் சிக்கி ஒரு தாய் மாண்டால், அவ்விழப்பு எளிதில் ஈடாவதில்லை. மூச்சுவிடச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது மேலே வந்தாக வேண்டும். வலை தடுத்தால் மூழ்கியே இறந்துபோகும். ஆகவே பரிவு எண்ணிக்கையைப் பொறுத்ததன்று, மீளும் ஆற்றலைப் பொறுத்தது என்பேன்.

மலிந்தவை என்றும் மலிந்தே இருக்கும் என்றும் எண்ணற்க. நம் நாட்டில் பெருந்தொகையாய் இருந்த பிணந்தின்னிக் கழுகுகள், மாடுகளுக்கு இட்ட டைக்குளோபினாக்கு மருந்தால் 1990களில் மடிந்து அருகின. 2006இல் அரசு அதனைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது.

2022இல் தமிழ்நாடு அரசு, தஞ்சை, புதுக்கோட்டைக் கரையோரக் கடலில் 448 சதுரக் கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இதுவே முதலாவது. எல்லை வகுப்பது எளிது. நள்ளிரவில் வலையை அறுத்து ஆவுளியாவை விடுவிப்பவன் மீனவனே. அவன் அறுப்பது தன் பிழைப்பை. அவ்வாறு விடுவித்தோர்க்கு வனத்துறை பரிசளித்துள்ளது. நன்றுதான், எனினும் பரிசினும் முன்னதாக, அறுபட்ட வலையின் முழு விலையும் அன்றைய மீன்பாட்டின் இழப்பும் காலந்தாழ்த்தாது அவன் கைக்கு வந்துசேர வேண்டும்.