நாற்பதாயிரம் வாழ்த்துகளும் அத்தாவின் குரலும்

வெள்ளிக்கிழமை விடிந்தால் போதும்; பூவும் பிறையும் பொறித்த 'ஜும்ஆ முபாரக்' படங்கள் கைபேசியில் வந்து குவிகின்றன. இது நமக்கு மட்டும் உரிய வழக்கமன்று. இந்தியரின் கைபேசிகள் திணறி நிற்பது ஏனென்று கூகுள் நிறுவனத்தார் ஆராய்ந்தபோது, காலை வணக்கப் படங்களே இடத்தை அடைத்திருந்ததாக 2018 ஜனவரியில் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' எழுதியது. அவற்றைத் தேடி நீக்க உதவும் 'ஃபைல்ஸ் கோ' செயலியை 2017 டிசம்பரிலேயே அவர்கள் வெளியிட்டிருந்தனர்.

சென்ற மாதம் என் வாட்ஸ்அப் சேமிப்பு முழுவதையும் கீரப்பாளையத்து வீட்டுக் கணினிக்கு மாற்றினேன். படங்கள் மட்டுமே ஏறத்தாழ நாற்பதாயிரம்! அஸருக்குப் பின் அக்கோப்புறையைத் திறந்து, அனைத்தையும் தெரிவு செய்து நீக்கப் பணித்தேன். மஃரிப் பாங்கு ஒலித்தபோதும் பச்சைக் கோடு பாதியைத் தாண்டவில்லை. தேர்வுக்குப் படிக்க வேண்டிய மகன் கணினிக்காகக் காத்திருந்தான்.

அதே அளவுள்ள ஒரே திரைப்படமாயின் கண்ணிமைக்கும் நேரத்தில் போயிருக்கும். ஏனெனில், நீக்கும்போது கணினி கோப்பின் உள்ளடக்கத்தைத் துடைப்பதில்லை. வட்டின் பதிவேட்டில் அதற்குரிய வரியைத் திருத்தி, இடம் காலியென்று குறித்துக்கொள்கிறது. மதரஸா வருகைப் பதிவேட்டில் பருத்த மாணவனாயினும் மெலிந்த மாணவனாயினும் பெயரை அடிக்க ஒரு கோடுதானே? எண்ணிக்கைதான் சுமை. போதாக்குறைக்கு, தனித்தனியே தெரிவு செய்து நீக்கிய ஒவ்வொரு கோப்புக்கும், அது இருந்த இடத்தையும் நீக்கிய நேரத்தையும் குறித்து, ரீசைக்கிள் பின்னில் விண்டோஸ் ஒரு சிறு கோப்பை எழுதி வைக்கிறது. நாற்பதாயிரத்தை நீக்க இன்னுமொரு நாற்பதாயிரம்!

கணினி பயின்ற என் தங்கை மகன் வந்து, முதலில் அந்த வேலையை நிறுத்தினான். வாட்ஸ்அப் கோப்புறையின் பெயரைப் 'பழையது' என்று மாற்றி ஒதுக்கி வைத்தான். பெயர் மாற்றம் ஒரே வரித் திருத்தமாதலால் நொடியில் முடிந்தது. மகன் படிக்க அமர்ந்தான். "மாமா, மிச்சத்தை இரவில் ஆணைச் சாளரத்தில் நீக்கலாம். 'ஆர்டி' என்னும் ஈரெழுத்து ஆணை, சாய்கோடு எஸ், சாய்கோடு க்யூ, பிறகு கோப்புறையின் முகவரி. பெயரில் இடைவெளி இருந்தால் இரட்டை மேற்கோளுக்குள் இட வேண்டும். அது முன்கூட்டி எண்ணிக்கொண்டிராது. ரீசைக்கிள் பின்னிலும் வைக்காது. ஆனால் போனது போனதுதான். இந்தக் கணினியில் இருப்பது எஸ்.எஸ்.டி.; மீட்பது ஏறக்குறைய இயலாது. குரல் பதிவுகளைக் கேட்டீர்களா?"

கேட்கவில்லை. அப்படி ஒன்று உள்ளே இருப்பதே என் நினைவில் இல்லை.

இருவரும் அமர்ந்து கேட்டோம். பெரும்பாலும் பால் கணக்கும் பேருந்து நேரமுமே. நடுவில், மூன்றாண்டுகளுக்கு முன் மறைந்த என் அத்தா, சிதம்பரத்தில் மருத்துவமனைக் கட்டிலிலிருந்து அனுப்பிய பத்தொன்பது விநாடிப் பதிவு: "தம்பி, மாட்டுக்குத் தண்ணி வச்சியா? நான் நாளைக்கு வந்துடுவேன்."

குரல் பதிவுகளை இரு பென்டிரைவ்களில் படியெடுத்து, ஒன்றைத் தங்கைக்கு அனுப்பினேன். இரவில் ஆணையைத் தட்டிவிட்டு இஷாவுக்குச் சென்றேன். திரும்பி வந்தபோது 'பழையது' இல்லை.

அடுத்த வெள்ளி விடியலில் பதினேழு படங்கள் வந்திருந்தன.