எது கண்டுபிடிப்பு, எது எமது முதுசம்?

மூதூர் கிழக்கில் மீளக் குடியேறிய ஒரு குடும்பத்தை அண்மையில் சந்தித்தபோது, வீட்டுக்காரர் தாம் செய்த கருவி ஒன்றைக் காட்டினார். பழைய சைக்கிள் சில்லு ஒன்றில் அலகுகளைப் பூட்டி, கச்சான் வரிசைகளுக்கிடையே தள்ளிக்கொண்டே களை கொத்தக்கூடியதாகச் செய்திருந்தார். “இதுக்குப் பேற்றன்ற் எடுக்கலாமோ?” என்று கேட்டார். அருகில் நின்ற மனைவி வேறொன்று கேட்டார்: “விதைநெல்லுக்குள்ள நொச்சி இலை போட்டு வைக்கிறது என்ர அம்மம்மா காட்டித் தந்தது. அதையும் பதியேலுமோ? இல்லாட்டில் வேற ஆரும் பதிஞ்சு போடுவினமோ?”

இரண்டு கேள்விகளும் நியாயமானவை. ஆனால் விடைகள் நேரெதிரானவை. இதை எம்மவர்கள் விளங்கிக்கொள்ளாவிட்டால், இடம்பெயர்வில் நிலத்தை இழந்ததுபோல அறிவையும் இழக்க நேரிடும் என்பதே எனது அச்சம்.

பேற்றன்ற் எனப்படும் ஆக்கவுரிமையை இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆளுகின்றது. கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகமே அதை வழங்குகின்றது. விண்ணப்பித்த திகதியிலிருந்து 20 வருடங்கள் அது செல்லுபடியாகும். ஆனால் இலங்கைக்குள் மாத்திரமே. சட்டம் மூன்று விடயங்களைக் கேட்கின்றது. பொருள் புதியதாக இருக்க வேண்டும். அத்துறையில் சாதாரண அறிவுள்ள ஒருவருக்கு இலகுவில் தோன்றாத ஒரு படி அதில் இருக்க வேண்டும். ஏதாவதொரு தொழிலில் செய்யவோ பாவிக்கவோ கூடியதாக இருக்க வேண்டும். மூன்றாவது எமக்குப் பிரச்சினையில்லை, கமத்தொழிலும் தொழில்தானே. முதலிரண்டிலுமே பலர் தடக்குப்படுகிறார்கள்.

புதியது என்றால் எமது ஊருக்குப் புதியது என்பதல்ல. உலகில் எங்காவது எழுத்திலோ, வாய்ப்பேச்சிலோ, பாவனையிலோ பகிரங்கமாகியிருந்தால் அது புதியதல்ல. சில்லுக் களைகொத்திகள் பல நாடுகளில் நெடுங்காலமாக உண்டு. ஆகவே அந்தச் சகோதரர் தமது கருவி முழுவதற்கும் உரிமை கோர முடியாது. ஆனால் வரிசையின் அகலத்துக்கேற்ப அலகுகளை ஒரே இழுவையில் விரித்துச் சுருக்கும் ஒரு பொறியை அவர் தாமாக யோசித்துப் பூட்டியிருக்கிறார். அது முன்னர் எங்கும் இல்லாததாக இருந்தால், அந்தப் பகுதிக்கு மட்டும் கேட்கலாம். திருத்தமும் கண்டுபிடிப்புத்தான். வெறுமனே மரப்பிடியை இரும்புப்பிடியாக மாற்றுவது கண்டுபிடிப்பாகாது.

இனி நொச்சி இலை. அம்மம்மா காலத்து வழக்கம் என்று சொன்ன கணமே அது புதியதல்ல என்றாகிவிட்டது. எமக்கும் கிடையாது, வேறெவருக்கும் கிடைக்கக் கூடாது. விதைகளும் அப்படியே. எமது சட்டம் தாவரங்களையும் விலங்குகளையும் ஆக்கவுரிமைக்குப் புறம்பாக வைத்திருக்கின்றது. பச்சைப்பெருமாளையோ மொட்டைக்கறுப்பனையோ இங்கு எவரும் தமது ஆக்கவுரிமை என்று பதிய முடியாது. இயற்கையில் உள்ளதைக் கண்டறிவதும், நோய்க்குச் சிகிச்சை செய்யும் முறையும் அவ்வாறே விலக்கப்பட்டுள்ளன.

ஆனால் “கிடைக்கக் கூடாது” என்பதற்கும் “கிடைக்காது” என்பதற்கும் இடையில் பெரிய இடைவெளி உண்டு. காயத்துக்கு மஞ்சள் பூசுவது எம்மில் எவருக்குத் தெரியாது? இருந்தும் 1995இல் அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்துக்கு அதற்கு ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. இந்தியாவின் விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சிச் சபை அதை எதிர்த்தது. பாட்டிமார் சொன்னது என்று வாதாடி அது வெல்லவில்லை. ஏனெனில் வேறு நாட்டில் வாய்வழியாக வழங்கிவந்த அறிவை அக்காலத்து அமெரிக்கச் சட்டம் கணக்கில் எடுக்கவில்லை. சமஸ்கிருத நூல்களும், 1953இல் இந்திய மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்த கட்டுரையும் உள்ளிட்ட எழுத்துச் சான்றுகளை முன்வைத்தே 1997இல் அந்த உரிமை இரத்தாக்கப்பட்டது.

வேம்பின் கதை இன்னும் நீண்டது. வேப்பெண்ணெயால் பயிரின் பூஞ்சணத்தைக் கட்டுப்படுத்தும் முறைக்கு அமெரிக்க விவசாயத் திணைக்களமும் கிறேஸ் கம்பனியும் 1994இல் ஐரோப்பிய ஆக்கவுரிமை பெற்றன. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் அது நீக்கப்பட்டது. மேன்முறையீடு முடிய 2005 மார்ச் ஆயிற்று. பதினொரு வருடங்கள்! ஐரோப்பா வரை சென்று வழக்காட எமது முகாம்களிலிருந்து யாரால் முடிந்திருக்கும்?

இங்கேதான் இடம்பெயர்ந்தவர்களின் நிலை மற்றவர்களிலும் பார்க்க மோசமாகின்றது. 1984இல் தென்னமரவாடியை விட்டும், 2006இல் சம்பூரை விட்டும் ஓடியவர்கள் விதைநெல்லைச் சுமந்துகொண்டு ஓடவில்லை. எந்த வயலுக்கு எந்த நெல், எந்தப் பூச்சிக்கு எந்த இலை என்பதெல்லாம் முதியவர்களின் தலையில் மாத்திரமே இருந்தது. முகாம் வாழ்வில் வயலைக் காணாமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. சாட்சி சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராய் எம்மை விட்டுப் பிரிகின்றார்கள்.

ஆகவே பழையதை எழுதுங்கள் என்கிறேன். ஒரு கொப்பி போதும். இலையின் பெயர், பாவிக்கும் முறை, யாரிடம் கற்றது, எந்த ஊர், இன்றைய திகதி. மாதர் சங்கமோ விவசாய அமைப்போ கூடும்போது வாசித்துக் கையொப்பமிடுங்கள். சிறு நூலாக அச்சிட்டு நூலகங்களுக்குக் கொடுத்தால் இன்னும் நல்லது. பகிரங்கமாகிய அறிவைப் புதியதென்று பிறர் உரிமை கோருவது கடினம். தகவல் திரட்ட வருவோரிடம் அறிக்கையின் பிரதியைத் தமிழில் கேட்டு வாங்குங்கள். கேட்பதற்கு நாம் வெட்கப்படுகிறோம். அது தேவையற்ற வெட்கம்.

ஆனால் களைகொத்தி செய்தவர் இதற்கு மாறாக நடக்க வேண்டும். விண்ணப்பிக்குமுன் கண்காட்சியில் வைத்தாலோ, பத்திரிகைக்குப் படம் கொடுத்தாலோ தமது புதுமையைத் தாமே கெடுத்துக்கொள்வார். விண்ணப்பத்துக்கு முன்னைய ஒரு வருடத்துக்குள் தாமே வெளிப்படுத்தியதை எமது சட்டம் பொறுத்துக்கொள்ளும். ஐரோப்பா பொறுக்காது.

எல்லோரும் ஆக்கவுரிமை எடுக்க வேண்டுமென்று நான் சொல்லமாட்டேன். விண்ணப்பத்துக்கும், பின்னர் அதைப் பேணுவதற்கும் கட்டணம் உண்டு. விற்க ஆளில்லாத கருவிக்குப் பத்திரம் மட்டும் வைத்திருந்து என்ன பயன்? அயலவர் நாலுபேர் பார்த்துச் செய்து பயனடைவதே போதும் என்று அவர் நினைத்தால் அதுவும் ஒரு நல்ல முடிவுதான். எதுவானாலும் தெரிந்து எடுத்த முடிவாக இருக்கட்டும். இவற்றையெல்லாம் சொன்னபோது அவர் உடனே பதில் சொல்லவில்லை. கச்சான் பிடுங்கி முடிந்ததும் யோசிப்பதாகச் சொன்னார். மனைவியோ அன்றிரவே மகளின் பழைய பாடசாலைக் கொப்பியில் எழுதத் தொடங்கிவிட்டாராம்.