ரீடிம் பிரிசர்வ்: மனப்பாடம் மட்டும் போதுமா?

விஷுவல் பேசிக் படித்தவர்கள் எல்லோருக்கும் இந்த வரி மனப்பாடம். அரேயின் அளவை மாற்ற ரீடிம். உள்ளே இருப்பது அழியாமல் மாற்ற ரீடிம் பிரிசர்வ். இரண்டு மதிப்பெண் நிச்சயம்! அதோடு பாடம் முடிந்தது என்று விட்டுவிடுவதுதான் தப்பு.

அரே என்பது மெமரியில் அடுத்தடுத்து இருக்கும் அறைகள். பத்து அறைகளுக்குப் பக்கத்திலேயே பதினொன்றாவது அறை காலியாக இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. அதனால் வேறு இடத்தில் பதினொரு அறைகள் பிடித்து, பழைய பத்தையும் அங்கே நகல் எடுக்க வேண்டும். காமர்ஸ் பாஷையில் சொன்னால், பேரேடு நிரம்பியதும் ஒரே ஒரு வரி கூடுதலாக உள்ள புது நோட்டு வாங்கி, எல்லாப் பதிவுகளையும் திரும்ப எழுதுவது. அடுத்த பதிவுக்கு இன்னொரு புது நோட்டு!

எந்தக் கணக்குப்பிள்ளையும் இப்படிச் செய்ய மாட்டார். ஆனால் லூப்புக்குள் ஒவ்வொன்றாக ரீடிம் பிரிசர்வ் போடுகிறவர்கள் செய்வது இதைத்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லட்சம் பதிவுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தால், மொத்தம் சுமார் 500 கோடி நகல்கள். அதுவே நிரம்பும்போதெல்லாம் அளவை இரட்டிப்பாக்கினால், 1, 2, 4 என்று போய் 65,536 வரை கூட்டினாலும் 1,31,071 நகல்கள்தான். கடைசியில் கொஞ்சம் அறைகள் காலியாகக் கிடக்கும். அதற்கும் வழி உண்டு: வேலை முடிந்ததும் சரியான அளவுக்கு ஒரே ஒரு ரீடிம் பிரிசர்வ்.

இன்னொரு பொறி, இருபரிமாண அரே. பிரிசர்வ் போட்டால் கடைசிப் பரிமாணத்தின் மேல் எல்லையை மட்டுமே மாற்ற முடியும். மாணவர்களை முதலிலும் பாடங்களைக் கடைசியிலும் வைத்தவர், புதிதாக ஒரு மாணவரைச் சேர்க்கப் போனால் பிழைச் செய்திதான் வரும். எது வளரும் என்பதை முதலிலேயே யோசித்து அதைக் கடைசியில் வைக்க வேண்டும்.

"விஷுவல் பேசிக் 6 வந்தது 1998-ல், இப்போது எதற்கு?" என்று கேட்கலாம். எக்ஸெல் மேக்ரோக்களில் இதே ரீடிம் பிரிசர்வ் இன்றும் இருக்கிறது. எக்ஸெல் 2007 முதல் ஒரு ஷீட்டில் 10,48,576 வரிசைகள். நாளை ஆடிட்டர் அலுவலகத்தில் மேக்ரோ எழுதப்போவது இன்றைய பி.காம். மாணவர்கள்தான். பத்து வரிசையில் ஓடிய மேக்ரோ லட்சம் வரிசையில் திணறும்போது, கம்ப்யூட்டரைத் திட்டிப் பயனில்லை.

ஆகவே பரீட்சையில் "ரீடிம் பிரிசர்வ் என்றால் என்ன?" என்று மட்டும் கேட்காமல், "அதற்கு என்ன செலவு?" என்றும் கேட்கட்டும். செலவுக் கணக்கு காமர்ஸ் மாணவர்களுக்குப் புதிதா என்ன?