தொப்பி கேட்காத வீடுகள்

மந்தைவெளியில் பெரியப்பா இருக்கும் ஃப்ளாட்டை இடித்துக் கட்டப் போகிறார்கள். சாமான்களை ஒழிக்கப் போன இடத்தில் ஒரு சண்டை வந்தது. ஹாலில் 35 வருடமாக நிற்கும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளை என்ன செய்வது? ஒவ்வொன்றும் இடுப்பு உயரம், 8 அங்குல வூஃபர், தூக்க இரண்டு பேர் வேண்டும். "எடைக்குப் போட்டுடலாம், என் வீட்டு சவுண்ட்பார்லயே எல்லாம் நல்லா வருதே" என்றாள் தி.நகரிலிருந்து வந்திருந்த அக்கா. பெரியப்பாவுக்குக் கோபம். "அந்தக் காலத்து சவுண்டு அதுல வருமாம்மா? அதெல்லாம் டப்பா."

இந்த இரண்டு வாக்கியங்களையும் மயிலாப்பூரிலும் அடையாறிலும் எத்தனையோ வீடுகளில் கேட்டுவிட்டேன். பழசு போல வராது என்பது ஒரு கட்சி. புதுசில் எல்லாம் வருகிறது என்பது இன்னொரு கட்சி. இரண்டுமே தப்பு என்பது என் கட்சி.

முதலில் பெரியப்பாவின் கட்சி. பழைய பெட்டியின் ஒலியில் ஒரு 'வெதுவெதுப்பு' உண்டு என்கிறார்கள். உண்டுதான். ஆனால் அது என்ன? பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு புடைப்பு, மேலே போகப் போக ஒரு சரிவு. அதாவது பதிவில் இல்லாத ஒன்றைக் கூட்டி, இருக்கும் ஒன்றைக் குறைத்துத் தருகிறது பெட்டி. பிடித்திருந்தால் கேட்கலாம், தப்பில்லை. அதை 'உண்மையான ஒலி' என்று சொல்லக் கூடாது.

தவிர, இன்று நாம் கேட்பது அன்று வாங்கிய ஸ்பீக்கரே அல்ல. வூஃபர் கூம்பின் ஓரத்தில் இருக்கும் ஃபோம் வளையம் பத்திருபது வருடத்தில் பொடிந்துவிடும். நம் ஊர் வெக்கையும் ஈரக்காற்றும் அதற்கு எமன். உள்ளே கிராஸ்ஓவரில் இருக்கும் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்கள் காய்ந்துபோகும். கேட்பவரின் காதும் அப்படியே இருப்பதில்லை. எழுபதைத் தாண்டியவருக்கு உச்சத்தில் இருக்கும் அதிர்வெண்கள் கேட்காது. நான் சொன்னால் பெரியப்பா அடிப்பார், ஆனால் ட்வீட்டரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதியை அவர் எப்போதோ இழந்துவிட்டார்.

அறிவியல் சும்மா இருக்கவில்லை. ஒரு வூஃபருக்கு எவ்வளவு பெரிய பெட்டி வேண்டும் என்பதை ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961இல் கணக்காகப் போட்டுக் காட்டினார். எழுபதுகளில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்தார். அதற்குமுன் பாதி அனுபவம், பாதி குருட்டாம்போக்கு. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃபிளாய்டு டூல் ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்து, எது எந்தக் கம்பெனி என்று தெரியாமல் கேட்கச் செய்து சோதித்தார். நேராகவும் பக்கவாட்டிலும் சீராக ஒலிக்கும் ஸ்பீக்கரையே பெரும்பாலானவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அதாவது, 'நல்ல ஒலி' என்பது வெறும் ரசனைச் சண்டையல்ல, பெருமளவுக்கு அளந்து பார்க்கக் கூடியது.

பழசையும் புதுசையும் நியாயமாக ஒப்பிட வேண்டுமென்றால் ஒரே வகைப் பெட்டியின் இரண்டு தலைமுறைகளை எடுக்க வேண்டும். எழுபதுகளில் பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக எல்எஸ்3/5ஏ என்ற சின்னப் பெட்டியை வடிவமைத்தது. அதன் வூஃபரும் ட்வீட்டரும் கேஇஎஃப் கம்பெனியுடையவை. மனிதக் குரலுக்கு அதைப்போல் வேறில்லை என்று இன்றும் உருகுகிறவர்கள் உண்டு. அதே கேஇஎஃப் தன் 50ஆம் ஆண்டை ஒட்டி, அந்தப் பெட்டியை மனத்தில் வைத்து 2012இல் எல்எஸ்50 கொண்டுவந்தது, 2020இல் அதைத் திருத்தியது. இரண்டும் ஏறத்தாழ 30 செ.மீ. உயரம். புதியதில் ட்வீட்டர் வூஃபரின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதனால் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் ஒலி அதிகம் மாறுவதில்லை. கீழே இன்னும் இறங்குகிறது, சத்தம் கூட்டினால் தாங்குகிறது. பழசைக் காதலிக்கலாம். முன்னேற்றம் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது.

அப்படியானால் அக்கா சொன்னது சரியா? இல்லை. அவள் வீட்டுக்கு வந்தது இந்த முன்னேற்றம் அல்ல.

அமெரிக்காவில் கேஎல்எச் கம்பெனியைத் தொடங்கிய மூவரில் ஒருவர் ஆன்டன் ஹாஃப்மன். ஸ்பீக்கர் உலகில் அவர் பெயரால் ஒரு விதி இருக்கிறது. சின்னப் பெட்டி, ஆழமான கீழ்ஒலி, குறைந்த மின்சக்தியில் அதிக சத்தம், இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்கும், மூன்றாவதை விட்டுக்கொடுத்தாக வேண்டும். எந்த ஆப்பும் இதை மாற்றாது. ஒரே கூம்பு, ஒரு ஸ்தாயி கீழே, அதே சத்தத்தில் ஒலிக்க வேண்டுமென்றால் முன்னும் பின்னும் நான்கு மடங்கு அதிகம் அசைய வேண்டும். 8 அங்குலக் கூம்பின் பரப்பு 2 அங்குலக் கூம்பின் பரப்பைப்போல் 16 மடங்கு. சவுண்ட்பாருக்குள் இருப்பவை பெரும்பாலும் இந்த 2 அங்குலச் சமாசாரங்கள். கீழே இருப்பதைத் தனியாக ஒரு சப்வூஃபரிடம் தள்ளிவிடுகிறார்கள். சின்னக் கூம்புகளால் தாழ இறங்க முடியாததால் பல மாடல்களில் சப்வூஃபர் ரொம்ப மேலே வரைக்கும் பாட வேண்டியிருக்கிறது. ஒரு கட்டையில் பாடும் ஆணின் ஆதார ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். அவர் மந்திர ஸ்தாயிக்கு இறங்கினால் பாதிக் குரல் டிவிக்குக் கீழும் மீதிக் குரல் சோபாவுக்குப் பின்னாலும் கேட்கும்.

மிருதங்கத்துக்கு நடப்பது இன்னும் மோசம். 1920இல் சி.வி. ராமன், சிவகாளி குமாரோடு சேர்ந்து 'நேச்சர்' இதழில் நம் தோல் கருவிகளைப் பற்றி எழுதினார். சாதாரண மேளத்தின் மேல்ஒலிகள் ஒன்றோடொன்று சேராது. மிருதங்கத்தில், தபலாவில் நடுவே பூசும் கரணை அந்த மேல்ஒலிகளைச் சுருதியில் நிறுத்துகிறது என்று விளக்கினார். அது வலந்தலையின் கதை. இடந்தலையான தொப்பி அதற்கு ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே பேசுவது. அதில் கையை அழுத்தி இழுக்கும்போது வரும் கும்கி, கீழிருந்து மேலே வழுக்கி ஏறும். சப்வூஃபரில் தொடங்கும் அந்த ஒலி ஏறும் வழியில் சவுண்ட்பாருக்குத் தாவ வேண்டும். இரண்டுக்கும் நடுவில் பள்ளம் இருந்தால் கும்கி அதில் விழுந்துவிடும். 'டம்' என்று ஓர் அதிர்ச்சி மட்டும் மிஞ்சும். படத்தில் குண்டு வெடிக்க அது போதும், தனி ஆவர்த்தனத்துக்குப் போதாது.

சொல்லிக்கொண்டே இருப்பதைவிடச் செய்து பார்க்கலாம் என்று அன்றைக்கே ஒரு சோதனை வைத்தோம். பெரியப்பாவின் பெட்டிகளில் ஒன்று (ஃபோம் வளையத்தைப் போன வருடம்தான் மாற்றியிருந்தார்). என் அடையாறு வீட்டிலிருந்து கொண்டுபோன 5 அங்குல வூஃபர் கொண்ட புது அலமாரி ஸ்பீக்கரில் ஒன்று. அக்கா வீட்டு சவுண்ட்பார், சப்வூஃபரோடு. முன்னால் ஒரு எட்டு முழ வேட்டி. மோனோவில் பதிவான பழைய கச்சேரி ஒன்று. மோனோவில்தான் ஸ்பீக்கரின் குறை பளிச்சென்று தெரியும் என்பதும் டூல் சொன்னதுதான். மூன்றையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்தேன். இது முக்கியம், சத்தம் துளி அதிகமாக இருப்பதே காதுக்கு உசத்தியாகப் படும். கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

குரலுக்கு எது சிறந்தது என்று கேட்டபோது பெரியப்பா சந்தேகமே இல்லாமல் இரண்டாவதைச் சொன்னார். "இதாண்டா நம்ம பெட்டி. என்ன ஒரு தெளிவு!" அது என் புது ஸ்பீக்கர். வேட்டியை விலக்கியதும் அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மிருதங்கம் வாசிக்கும் நண்பர் ஒருவரும் வந்திருந்தார். அவர் பழைய பெட்டியைத் தேர்ந்தெடுத்தார். "தொப்பி முழுசா இதுலதான் இருக்கு. என்ன, வாசிச்சதைவிடக் கொஞ்சம் ஜாஸ்தியாவே இருக்கு" என்றார். சவுண்ட்பாரை எல்லோரும், அக்கா உட்பட, கடைசியில் வைத்தார்கள். நாலு பேர் கேட்டது ஆராய்ச்சி இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அன்று என்னைத் தொந்தரவு செய்தது வேறு. அக்கா மகளுக்குப் பதின்மூன்று வயது. ஆறு வருடமாகப் பாட்டுக் கற்கிறாள். பழைய பெட்டியில் தனி ஆவர்த்தனம் ஓடியபோது கேட்டாள்: "மாமா, கீழ ஒருத்தர் சேர்ந்து வாசிக்கிறாரே, அது யாரு?" யாரும் இல்லை, அதே வித்வானின் இடது கை. சபாவில் அவள் கேட்டிருக்கலாம். அங்கே மைக்கின் இரைச்சலில் எல்லாமே ஒரே அதிர்ச்சியாக வந்து மோதுகிறது. வீட்டில் அவள் கேட்பது சவுண்ட்பார், சாதகம் செய்வது போனிலிருக்கும் சுருதி ஆப்பில். போனின் ஸ்பீக்கர் தம்புராவின் மந்திரத் தந்தியின் அடிப்படை ஒலியைத் தராது. மேல்ஒலிகளை வைத்து மூளை அதை ஊகித்துக்கொள்ளும், அதனால் சுருதி தப்பாது. ஆனால் தம்புராவின் உடம்பை அவள் கேட்டதே இல்லை. ஆறு வருடப் பயிற்சியும் பாதி வாத்தியத்தோடு நடந்திருக்கிறது. இதைத்தான் 'எல்லாம் வருது' என்கிறோம்.

இடமில்லை என்பார்கள். தி.நகரில் சதுர அடி விலை எனக்கும் தெரியும். போனில்தான் பாட்டு என்று இருப்பவர்களை நான் சொல்லவில்லை. இதே பெட்டிகள் வசதிப்பட்ட சில வீடுகளில் மட்டும் இருந்த காலத்தைவிட, எல்லார் கையிலும் பாட்டு இருக்கும் காலம் மேல். 65 அங்குல டிவிக்கு ஒரு சுவரையே கொடுத்துவிட்டு, ஒலிக்கு அதன் கீழே நாலு அங்குலம் ஒதுக்குகிறவர்களைத்தான் சொல்கிறேன். இரண்டு நல்ல அலமாரி ஸ்பீக்கர்கள் நாலைந்து பருமனான தீபாவளி மலர்களின் இடத்தைத்தான் கேட்கின்றன. இடம் இருக்கிறது. உட்கார்ந்து கேட்கத்தான் யாரும் இல்லை.

ரிப்பேர் விஷயத்தில் மட்டும் பழசின் பக்கம் முழுசாக நிற்பேன். பெரியப்பாவின் வூஃபருக்கு ரிச்சி தெரு பக்கத்தில் ஒருவர் ஒரே நாளில் புது வளையம் ஒட்டித் தந்தார். நான் முன்பு வாங்கிய ஒரு சவுண்ட்பார் நாலாவது வருடம் செத்தது. சர்வீஸ் சென்டரில் கிடைத்த பதில்: "போர்டு வர்றதில்ல சார், எக்ஸ்சேஞ்ச்ல புதுசு எடுத்துக்குங்க." கூம்பும் காந்தமும் நன்றாகவே இருந்தன. அதை முன்னேற்றம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பெரியப்பாவின் பெட்டிகள் எடைக்குப் போகவில்லை. மருமகள் கேட்டாள் என்பதற்காக அக்கா தி.நகருக்கு எடுத்துப் போயிருக்கிறாள், முனகிக்கொண்டே. உங்கள் வீட்டில் அப்படி ஒரு ஜோடி இருந்தால் தூக்கிப் போடும் முன் கோனையும் கெப்பாசிட்டரையும் சரிசெய்து ஒருமுறை கேளுங்கள். இல்லையென்றால் புதுசாக ஒரு ஜோடி வாங்குங்கள். அது இன்னும் நன்றாகவே இருக்கும். கடைக்குப் போகும்போது தனி ஆவர்த்தனம் உள்ள ஒரு பதிவை எடுத்துப் போங்கள். எல்லாவற்றையும் ஒரே சத்தத்தில் வைக்கச் சொல்லி, இடது கை கேட்கிறதா என்று மட்டும் பாருங்கள். "பேஸ் மோட் போடறேன் சார், இப்ப கேளுங்க" என்று கடைக்காரர் ரிமோட்டை எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.